கண் நன்றாகத் தெரியும்போதே பார்க்க வேண்டிய நோய்: சர்க்கரையும் விழித்திரையும்

என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் காலை கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பார், போட்டுப் பார்ப்பார், மறுபடியும் கழற்றுவார். "தலைமுடி மாதிரி என்னமோ ஒட்டியிருக்குடா, போக மாட்டேங்குது" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அவருக்குத் தெரிந்த அந்தக் கருப்பு இழை கண்ணுக்குள் இருந்தது. அது ரத்தம்.

அன்றைக்கு அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில வாரங்களில் இழை மங்கி மறைந்துபோனது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். ஏழு மாதம் கழித்து இடது கண்ணில் ஒரு பக்கமாகத் திரை விழுந்ததுபோல் இருண்டுவிட்டது என்று சொன்னபோதுதான் கண் மருத்துவமனைக்கு ஓடினோம். அதற்குள் விழித்திரை இழுபட்டு, ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் எதிரே கை ஆடுவது தெரியும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. வலது கண்ணை லேசர் காப்பாற்றியது.

பெரியப்பா சுகருக்கு 14 வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர். ரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டதே இல்லை. அந்த 14 வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு யாரும் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பவர் மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டயபெடிக் ரெட்டினோபதி. சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பு என்று சொல்லலாம். இது எப்படி வருகிறது, ஏன் வந்தது தெரியாமலே வளர்கிறது, வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எனக்குப் புரிந்த அளவில் எளிதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கண்ணின் பின்சுவர்

நம் கண் பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை. விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். முன்னால் கருவிழி, அதற்குப் பின்னால் லென்ஸ். உருண்டையின் நடுப்பகுதி முழுக்க இளநுங்கு போன்ற தெளிவான ஒரு கூழ் நிரம்பியிருக்கிறது. அதன் பெயர் விட்ரியஸ். உருண்டையின் பின்சுவரில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. ரெட்டினா என்றே பலரும் சொல்கிறோம். அதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதற்குள் மங்கலான ஒளியிலும் வேலை செய்யும் குச்சி வடிவ செல்கள் சுமார் 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்பு வடிவ செல்கள் சுமார் 60 லட்சமும் இருக்கின்றன. இவை பிடிக்கும் ஒளி மின் துடிப்பாக மாறி, 10 லட்சத்துக்கும் அதிகமான நரம்பிழைகள் சேர்ந்த பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது.

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, வளரும் மூளையிலிருந்து புடைத்து வெளியே வந்த பகுதிதான் பின்னால் விழித்திரை ஆகிறது. அதாவது அது மூளையின் ஒரு துண்டு. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. விழித்திரையில் இறந்துபோன செல் மறுபடி முளைப்பதில்லை. இந்த நோய்க்கான சிகிச்சை எல்லாமே இருப்பதைக் காப்பாற்றுவதற்காக இருப்பது இதனால்தான்.

விழித்திரையின் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில் மாக்குலா என்று ஒரு வட்டம் இருக்கிறது. பேப்பர் படிப்பது, முகம் அடையாளம் காண்பது, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பது எல்லாம் இந்தச் சின்ன வட்டத்தின் வேலை. அதைச் சுற்றியிருக்கும் பெரிய பரப்பு, பக்கவாட்டில் வரும் வண்டியைக் கவனிப்பது, இருட்டில் நடப்பது போன்றவற்றைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மாக்குலாவில் நோய் கை வைத்தால் உடனே தெரிந்துவிடும். சுற்றுப்புறத்தில் பாதி நாசமானாலும் மனிதர் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார்.

சர்க்கரை என்ன செய்கிறது

எடைக்கு எடை பார்த்தால் நம் உடம்பில் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அந்தப் பசியைத் தீர்க்க அதற்குள் மயிரிழையைவிட மெல்லிய ரத்த நுண்குழாய்கள் வலைபோலப் பரவியிருக்கின்றன. ரத்த அணுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போகும் அளவுக்கு அவை குறுகல். குழாயின் உள்பக்கத்தில் ஒரு செல் வரிசை. வெளியிலிருந்து அதை விரல்களால் பற்றிப் பிடித்ததுபோல் இன்னொரு வகை செல்கள். இந்த வெளிச் செல்களுக்குப் பெரிசைட் என்று பெயர். நாம் தாங்கு செல்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாய் சுவர் உறுதியாக இருப்பதற்கு இவைதான் காரணம்.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தால், முதலில் சாகும் செல்களில் இந்தத் தாங்கு செல்கள் இருக்கின்றன. செல்லுக்குள் தேவைக்கு மேல் நுழைந்த சர்க்கரை, வழக்கமான பாதையை விட்டு வேறு வேதிப் பாதைகளில் போய்த் தீங்கான பொருட்களை உண்டாக்குகிறது. புரதங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது. குழாயின் அடிச்சவ்வு தடித்துப்போகிறது. இவையெல்லாம் மெதுவாக, வருடக் கணக்கில் நடப்பவை.

பழைய சைக்கிளில் டயர் தேய்ந்த இடத்தில் ட்யூப் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாங்கு செல் போன இடத்தில் நுண்குழாயும் அப்படித்தான் புடைக்கிறது. மருத்துவர் உள்ளே பார்க்கும்போது இந்தப் புடைப்புகள் குட்டிக் குட்டிச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நோயின் முதல் அடையாளம் இதுதான். அப்புறம் அந்த இடங்களிலிருந்து கசிவு ஆரம்பிக்கிறது. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் நீர், கூடவே கொழுப்பு. நீர் வடிந்தாலும் கொழுப்பு மஞ்சள் திட்டாக அங்கேயே படிந்துவிடும். இந்தக் கசிவு மாக்குலாவில் நடந்தால் அது ஈரம் குடித்து வீங்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்வை குறைவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த மாக்குலா வீக்கம்தான். எழுத்து மங்கும். ஜன்னல் கம்பி நெளிந்து தெரியும்.

இன்னொரு பக்கம், கெட்டுப்போன நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. அடைபட்ட இடத்தில் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதவில்லை. மூச்சுத் திணறும் அந்தப் பகுதி, ரத்தம் வேண்டும் என்று ஒரு வேதிப்பொருளைச் சுரந்து சுற்றிலும் செய்தி அனுப்புகிறது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1948-லேயே ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். அது என்னவென்று கண்டுபிடிக்க இன்னும் 40 வருடம் ஆனது. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்த அந்தப் புரதத்துக்கு வெஜ்எஃப் என்று சுருக்கப் பெயர். 1994-ல், சர்க்கரை நோய் முற்றியவர்களின் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் இது மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள்.

வெஜ்எஃப்பின் நோக்கம் நல்லதுதான். புதுக் குழாய் வளர்ந்தால் ரத்தம் வரும் அல்லவா? ஆனால் வளரும் குழாய்கள் வர வேண்டிய இடத்துக்கு வருவதில்லை. விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து, அந்தக் கூழைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றன. பந்தல் இல்லாத அவரைக்கொடி கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொள்வதைப் போல. இந்தப் புதுக் குழாய்களின் சுவர் மிகவும் பலவீனமானது. ஒரு நாள் தூங்கி எழுந்தவுடனோ, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதோ ஒன்று உடைந்து, ரத்தம் கூழுக்குள் இழையாக இறங்குகிறது.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்த காலையில் நடந்தது அதுதான். ரத்தம் கொஞ்சமாக இருந்தால் கீழே படிந்து, உடம்பே அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இழை மறைந்துவிடும். அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு பதறுகிறது. கறை மறைந்ததே தவிர, கசிந்த குழாய் அங்கேயே இருந்தது, வளர்ந்துகொண்டும் இருந்தது. புதுக் குழாய்களோடு கூடவே தழும்புத் திசு உண்டாகும். காய்ந்த பசை காகிதத்தைச் சுருக்குவதுபோல் தழும்பு சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்து, சுவரிலிருந்து பிரித்துவிடும். எங்களுக்கு அந்த ஏழு மாதம் இப்படித்தான் போனது.

ஏன் தெரிவதில்லை

விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது. ரத்தம் கசிந்தாலும் வலிக்காது, குழாய் அடைத்தாலும் வலிக்காது. கண் சிவக்காது, நீர் வடியாது. மாக்குலா நன்றாக இருக்கும்வரை சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடலாம். விழித்திரையின் ஓரங்களில் புதுக் குழாய்கள் மண்டியிருக்கும் ஒருவர் அப்படிப் படித்துக் காட்டுவது கண் மருத்துவர்களுக்குச் சாதாரண காட்சி. போதாததற்கு இரண்டு கண் இருக்கிறது. ஒன்று மங்கினால் மற்றது சமாளித்துவிடும். மூளையும் நல்ல கண்ணின் படத்தையே எடுத்துக்கொள்ளும். ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கும் வேலையை நாம் என்றைக்குச் செய்கிறோம்?

பார்வை மங்கியபிறகும் குழப்பம் தீருவதில்லை. முதலில் எல்லோரும் நினைப்பது பவர் மாறிவிட்டது என்று. அது முழுக்கத் தப்பும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர் கூடிக் குறைந்து பவர் உண்மையிலேயே மாறும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபிறகு கண்ணாடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். இரண்டாவதாக நினைப்பது கண்புரை. சர்க்கரை நோயாளிகளுக்குப் புரையும் சீக்கிரமே வரும். புரை என்றால் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே "முத்தட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். விழித்திரை பாதிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எது புரை, எது விழித்திரை என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

நாட்டு மருந்து சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சேதம் நடக்கும் இடம் கண்ணின் பின்சுவர். கண்ணின் மேல் விடும் எந்தச் சொட்டும், ஆங்கில மருந்தோ நாட்டு மருந்தோ, அடைத்த குழாயைத் திறப்பதில்லை. அதில் போகும் மாதங்கள்தான் நஷ்டம்.

உள்ளே பார்ப்பது

கண்ணுக்குள் எட்டிப் பார்க்க முடியும் என்பதே மனிதனுக்கு 1851 வாக்கில்தான் கைகூடியது. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கான கருவியை அறிமுகப்படுத்தினார். நாலே வருடத்தில், 1855-ல், வியன்னாவில் எடுவர்ட் யேகர் சர்க்கரை நோயாளி ஒருவரின் மாக்குலாவில் மஞ்சள் திட்டுகளையும் ரத்தக் கசிவையும் பார்த்துப் பதிவு செய்தார். இதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பல வருடங்கள் மருத்துவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்குப் பரிசோதனை இப்படி நடக்கும். முதலில் பார்வை அளவு, கண் அழுத்தம். அப்புறம் ஒரு நர்ஸ் வந்து தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லிச் சொட்டு மருந்து விடுவார். கொஞ்சம் எரியும். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி விடுவார். கண் பாப்பா, அதாவது கருவிழியின் நடுவே தெரியும் துளை, விரிவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். சாவித் துவாரம் வழியாக அறையைப் பார்ப்பதற்கும் கதவைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்து விடாத கண்ணுக்கும் விட்ட கண்ணுக்கும். பிறகு மருத்துவர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, மேலே பார், கீழே பார், இடது பக்கம் பார் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். ஐந்து நிமிட வேலை. வலி கிடையாது.

சந்தேகம் இருந்தால் ஓசிடி என்று ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். 1991-ல் வந்த தொழில்நுட்பம் இது. விழித்திரையைக் கேக் துண்டு போல வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிக் குறுக்குப் படம் கிடைக்கும். மாக்குலா எத்தனை மைக்ரான் வீங்கியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும். கண்ணைத் தொடாமல் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

எல்லோருக்கும் ரெட்டினா மருத்துவர் கிடைக்க மாட்டார் என்பதால், ஒரு கேமராவில் படம் மட்டும் எடுத்து வேறிடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் வழியும் இருக்கிறது. இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும், சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் பெற்ற விழித்திரைப் படங்களும் சேர்ந்துதான், கம்ப்யூட்டருக்கு இந்த நோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்த கூகுளின் 2016 ஆய்வு உருவானது. மொத்தம் 1,28,175 படங்கள். நிபுணர்களோடு ஒப்பிடும் அளவுக்கு அது கண்டுபிடித்தது.

தேவையும் பெரிதுதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சென்னை நகரத்தில் முன்பு நடந்த இரண்டு தனித்தனி ஆய்வுகளில், சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு ஏதோ ஒரு அளவில் இருந்தது. ஐந்தாறு பேரில் ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் பார்வை போய்விடும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்கள் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள். ஆனால் யார் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறார், யார் தாண்டிவிட்டார் என்பது பார்க்காமல் தெரியாது.

எப்போது பார்க்க வேண்டும்? பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த அன்றே. ஏனென்றால் அது பல வருடம் மறைந்திருந்துதான் வெளியே வரும். சிறு வயதில் வரும் முதல் வகை என்றால் ஐந்து வருடத்துக்குள். அதற்குப் பிறகு பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை. பாதிப்பு தொடங்கியிருந்தால் மருத்துவர் நாள் குறைத்துச் சொல்வார். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால், நோய் வேகம் பிடிக்கக்கூடும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதும், முதல் மூன்று மாதத்துக்குள்ளும் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் புதிதாகத் தலைகாட்டும் சர்க்கரைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இங்கிலாந்தில் 2003 முதல் சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் வருடா வருடம் கடிதம் போட்டுக் கூப்பிட்டு விழித்திரைப் படம் எடுக்கும் அரசுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கே உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது வருடங்களாக இந்த நோய்தான் முதல் காரணமாக இருந்தது. 2009-10 கணக்கெடுப்பில் அந்த முதல் இடத்திலிருந்து அது இறங்கிவிட்டது. திட்டமும் சர்க்கரைக் கட்டுப்பாடும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்மிடம் வீட்டுக்கே வந்து சுகர், பிபி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. மாத்திரை வந்து சேரும் ஒவ்வொரு வீட்டுக்கும் கண் பரிசோதனைக்கான அழைப்பும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

சூரியன், லேசர், ஊசி

சிகிச்சையின் கதை ஒரு சூரிய கிரகணத்தில் தொடங்குகிறது. 1945 ஜூலையில் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோனவர்களை ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மேயர் ஷ்விக்கராத் பரிசோதித்தார். வெளிச்சம் விழித்திரையைச் சுடுமென்றால், வேண்டிய இடத்தில் மட்டும் சுட்டு அதை மருந்தாக்க முடியாதா என்று யோசித்தார். கண்ணாடிகள் வைத்துச் சூரிய ஒளியையே திருப்பிச் சிகிச்சை செய்து பார்த்தார். மேகம் வந்தால் சிகிச்சை நிற்கும். பிறகு செனான் விளக்கு, 1960-களில் லேசர் என்று வழி நல்லதாகிக்கொண்டே வந்தது.

லேசரால் செய்வது கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும். புதுக் குழாய் வளரும் கட்டத்தில், மாக்குலாவை விட்டுவிட்டு, விழித்திரையின் சுற்றுப்புறத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சூடுகள் வைப்பார்கள். நல்ல திசுவை ஏன் சுட வேண்டும்? ஆக்சிஜன் குறைவாக இருக்கும் வீட்டில் தின்னும் வாய்களைக் குறைக்கிறார்கள். சுட்ட இடத்துக்கு இனி ஆக்சிஜன் வேண்டாம். மிச்சம் இருப்பது மற்ற இடத்துக்குப் போகும். மூச்சுத் திணறல் தணியும், வெஜ்எஃப் சுரப்பு குறையும், புதுக் குழாய்கள் வாடிவிடும். 1976-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று நிரூபித்தது. விலை என்னவென்றால், பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் கொஞ்சம் குறையும். பெரியப்பா இப்போது அந்தி சாய்ந்தபிறகு படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் வலது கண்ணால் பேப்பர் படிக்கிறார்.

லேசர் முடிந்து வந்தவர்கள் "ஒண்ணும் முன்னேற்றம் இல்லையே" என்று வருந்துவதை நிறையக் கேட்கிறேன். அது இன்னும் மோசமாகாமல் தடுக்கத்தான். அடுத்த தவணைக்குப் போகாமல் விடுவதற்கு அது காரணமாகக் கூடாது.

மாக்குலா வீக்கத்துக்கு இப்போது முதலில் கொடுப்பது கண்ணுக்குள் போடும் ஊசி. வெஜ்எஃப்பைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் மருந்துகள் இவை. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் என்று பல பெயர்கள். புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தையும் சின்ன அளவில் கண்ணுக்குப் போடுகிறார்கள், அதன் விலை குறைவு. இந்த ஊசிகள் வந்தபிறகுதான், மங்கிய பார்வையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும் பலருக்குச் சாத்தியமாயிற்று.

கண்ணில் ஊசி என்றதும் அடிவயிறு கலங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். உண்மையில் மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிருமிநாசினியால் துடைத்து, கருவிழிக்கு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் மயிர் போன்ற ஊசியால் சில விநாடியில் போட்டுவிடுவார்கள். ஒரு அழுத்தம் தெரியும். மருந்து சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் மாதம் ஒன்று வீதம் சில ஊசிகள் வேண்டியிருக்கும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் வீக்கம் திரும்பும். ஊசிக்குப் பின் கண்ணில் தொற்று வருவது மிக அரிது. ஆனால் அடுத்த சில நாளில் வலி கூடினாலோ, சிவந்து பார்வை குறைந்தாலோ அன்றே போய்க் காட்ட வேண்டும்.

கூழுக்குள் ரத்தம் நிறையக் கொட்டிக் கரையாமல் நின்றாலோ, தழும்பு விழித்திரையை இழுத்தாலோ விட்ரெக்டமி என்ற ஆபரேஷன். 1970-களின் தொடக்கத்தில் மயாமியில் ராபர்ட் மாகெமர் வழிகாட்டியது. கலங்கிய கூழை வெட்டி எடுத்து, இழுக்கும் தழும்பை உரித்து, விழித்திரையை மறுபடி படிய வைப்பார்கள். நல்ல சிகிச்சைதான். ஆனால் பெரியப்பாவைப் போல மாக்குலாவே பெயர்ந்து நாள் கடந்தபின் போனால் அதனாலும் ஓரளவுதான் முடியும்.

கண்ணுக்கு வெளியே செய்ய வேண்டியது

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் உண்மையில் கண் தப்புமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 முதல் வகை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1993-ல் இதற்குப் பதில் சொன்னது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரை சராசரி அவர்களுக்கு 7 அளவிலும், மற்றவர்களுக்கு 9 அளவிலும் இருந்தது. ஆய்வு முடிந்தபின் இரு தரப்பின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியும் முன்பு நன்றாக வைத்திருந்தவர்களின் கண்கள் பல வருடம் மேலாகவே இருந்தன. ஆரம்ப வருடங்களில் எடுத்த சிரமத்தை உடம்பு மறக்கவில்லை.

ரத்தக் கொதிப்புக்கும் பங்கு பெரிது. பலவீனமான குழாயில் அழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சர்க்கரையோடு கொதிப்பும் இருந்து அதை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை மோசமாவது 34 சதவீதம் குறைந்தது. சுகர் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, பிபி மாத்திரையைத் தலை சுற்றும்போது மட்டும் போட்டுக்கொள்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! சிறுநீரில் புரதம் போகிறது என்று சொன்னால் அப்போதும் கண்ணைக் காட்டுங்கள். சிறுநீரகத்திலும் இதே மாதிரி நுண்குழாய்கள்தான் கெடுகின்றன.

ஒன்று மட்டும் கவனம். பல வருடம் ஏறிக்கிடந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது, முதல் சில மாதங்களில் கண் கொஞ்சம் மோசமாகக்கூடும். கட்டுப்படுத்தாமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது, நீண்ட நாளில் லாபம்தான். ஆனால் புதிதாக இன்சுலின் தொடங்கும் முன் ஒருமுறை கண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

திடீரென்று கண்முன் நிறையப் பூச்சி பறப்பது, கருப்பு இழை, புகை, ஒரு பக்கம் திரை விழுவது, நேர்கோடு நெளிவது: இவற்றில் எது வந்தாலும், தானாக மறைந்துவிட்டாலும்கூட, நாள் கடத்தாதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொட்டு விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. கூலிங் கிளாஸ் இருந்தால் எடுத்துப் போங்கள். கடைசி எச்பிஏ1சி, பிபி அளவு, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பாதிப்பு இருக்கிறதா, எந்தக் கட்டத்தில்? மாக்குலாவில் வீக்கம் உண்டா? மறுபடி எப்போது வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் தேதியை அங்கேயே போனில் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.